பதினான்காம் வளைவின் கடைசி வரி

ஏற்காட்டுச் சாலை, பதினான்காவது கொண்டை ஊசி.
தடுப்புச் சுவரை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி.
மழையை அளக்கும்,
மேலே பாறை அசைந்தால் அடிவாரத்துக்குச் சொல்லும்.
மழை வலுத்தால் மட்டும் செத்துப்போகும்.

சாவு நாற்பது விநாடிதான்.
வாட்ச்டாக் உதைத்து எழுப்பிவிடும்.
எழுந்ததும் முகம் கழுவிய பிள்ளை மாதிரி நிற்கும்.
நேரம் சரி, சிக்னல் சரி.
ஏன் விழுந்தாய் என்றால்
விழுந்தேனா என்று கேட்கும்.

மின்னல்தான் என்றான் மாதேஷ்.
கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் குழி வெட்டினான்.
அடுத்த மழையிலும் செத்தது.
பெட்டியையே மாற்றிவிடலாமே என்றார் ஜெஸிந்தா மேடம்,
டெண்டர் தேதியைப் பார்த்தபடி.

கெர்னல் கடைசிவரை பேசுகிறது. அது எனக்குத் தெரியும்.
பேச்செல்லாம் மெமரியில் ஒரு வட்டத்தில் விழுகிறது.
டிஸ்க்குக்குச் சுமந்து போகிறவனும்
அதே விபத்தில் சாகிறான்.

ஆகவே மெமரியின் உச்சியில் ஒரு மெகாபைட் ஒதுக்கினேன்.
இங்கே யாரும் குடிவரக் கூடாது,
எழும்போது துடைக்கவும் கூடாது என்று
பூட்லோடரிடம் சொல்லிவைத்தேன்.
சாகிற நேரத்தில் மட்டும் இங்கே எழுது.
கரண்ட் போனால் இந்த இடமும் அழியும்,
அதற்கு அம்மாப்பேட்டையில் வாங்கிய பேட்டரி ஒன்று.

சோதிக்கக் கொல்ல வேண்டும்.
ஒரே ஒரு எழுத்தை அனுப்பினால் கெர்னல் தானே விழும்,
அதற்கென்றே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.
அஸ்தம்பட்டி அறையில்
தட்டுவடை செட் தின்றுகொண்டே ஏழு தடவை கொன்றேன்.
ஆறு தடவை முழுசாக எழுதிவைத்திருந்தது.
ஒரு தடவை எழுத்துகள் பொரிந்துபோய் வந்தன.
போதும் என்று மலையேற்றினேன்.

பிறகு மழைக்குக் காத்திருந்தேன்.
பாதிக்கப்பட்டவர் கீழே விழட்டும் என்று காத்திருக்கும்
டாக்டரைப் போல, கொஞ்சம் வெட்கத்தோடு.

ஐப்பசி, இரவு இரண்டு பதினேழு. பெட்டி பேச்சை நிறுத்தியது.
எழுந்தது போலத் தெரிந்தது, சிக்னல் இல்லை.
விடிந்ததும் பைக்கில் போனேன்.
சாலையெங்கும் செம்மண் தண்ணீர்,
சில்வர் ஓக் இலைகள்,
நனைந்த குரங்குகள் எதையும் கேட்கவில்லை.
பெட்டியைத் திறந்து லேப்டாப்பைச் செருகினேன்.

இருந்தது.
வகுத்தல் பிழை.
மழைமானி டிரைவர்,
வேகம் கணக்கிடும் ஃபங்ஷன்.

சின்னக் கிண்ணம் நிரம்பிச் சாயும்,
அடுத்தது நிரம்பிச் சாயும்.
இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் மழையின் வேகம்.
சார்ஜ் மிச்சமாகட்டும் என்று
பத்து விநாடிக்கு ஓர் எண்ணாகக் கடிகாரத்தைச் சுருக்கியிருக்கிறார்கள்.
அந்தப் பத்துக்குள் இரண்டு தடவை சாய்ந்தால்
இடைவெளி சுழியம்.

இருக்கிறார்கள் என்ன, இருக்கிறேன்.
மூன்று வருடம் முன்பு ஐந்து ரோட்டு ஆபீசில்
ஒரு சித்திரை மதியம் நான்தான் எழுதினேன்.
ஃபேன் அனல் இறைத்துக்கொண்டிருந்த அந்த மதியத்தில்
அப்படி ஒரு மழை
எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம்தான் அறிக்கைகள் நினைவுக்கு வந்தன.
மூன்று வருடமும் அதே கட்டத்தில் அதே சொல்:
மிகக் கனமழை, இல்லை.
பெய்தபோதெல்லாம் பெட்டி செத்திருந்தது.
செத்த நாற்பது விநாடி
வறண்ட நாற்பது விநாடியாகப் பதிவானது.
அந்தத் தாளைக் காட்டித்தான்
மேல் வளைவில் ஒருவர் ரிசார்ட்டுக்கு மண் வெட்டுகிறார்.

திருத்தம் ஒரே வரி.
சுவரில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டேன்.
மூடப்போகையில் கீழே இன்னும் ஏதோ கிடந்தது.
ஒரு கோர் விழுந்துகொண்டிருக்க
இன்னொன்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது,
தன் முறை முடியும் வரை:

பாறை ஆறு, சாய்

அதற்குமேல் எழுத்தில்லை.
லேப்டாப்பை மூடாமல்
தலையைத் தூக்கிப் பார்த்தேன்.